ஒரகடத்துப் பெண்களின் பிரயாணம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிப் போகும் சாலையும் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போகும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில், பல தலைமுறைகளாக ஏரித் தண்ணீரையும் கால்நடையையும் நம்பி ஜீவித்துவந்த சாதாரணக் கிராமமான ஒரகடம், இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் உற்பத்தியாகித் தேசாந்தரங்களுக்கு ஏற்றுமதியாகிற பெரிய தொழில் க்ஷேத்திரமாகிவிட்டது. 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் அடுத்தடுத்துத் திறந்தன. வடக்கே சுங்குவார்சத்திரத்து வட்டாரத்தில் உலகம் விரும்பி வாங்கும் கைப்பேசிகள் தயாராகின்றன. இங்கே செய்து முடித்த ஒரு கார் எண்ணூர்த் துறைமுகம் போய்ச் சேரும்வரை அதன்மேல் ஒரு கீறல் விழாமலிருப்பதற்காக டிரெய்லரும், இறுக்கிக் கட்டும் பட்டையும், காப்பீடும், வழிநெடுகிலும் கண்காணிப்பும் ஏற்பாடாகியிருக்கின்றன. அந்த ஆலையின் தரையைக் கூட்டித் துடைத்த பெண், இரவு பத்து மணிக்கு ஷிப்ட் முடிந்து, எழிச்சூரிலோ வைப்பூரிலோ படப்பையிலோ உள்ள தன் வீட்டுக்கு அவமானப்படாமல் போய்ச் சேருவதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதுகிற ஒருவரையும் இந்த வட்டாரத்தில் காண முடியவில்லை.

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நால்வருக்கும் அதிகமானோர் தமிழ்நாட்டு ஆலைகளில்தான் இருக்கிறார்கள் என்பதை நம் ஆட்சியாளர்கள், கட்சி பேதமில்லாமல், மேடைதோறும் பெருமையாகச் சொல்லிவருகிறார்கள். பெருமைக்குரிய விஷயமே. ஆனால் ஆலைக்குள் நுழையும் பெண்களில் இரண்டு ஜாதி உண்டு என்பதை ஷிப்ட் மாறும் வேளையில் கூட்டுரோட்டில் சற்று நேரம் நின்று பார்ப்பவர் எவரும் உணர்வார். கழுத்தில் கம்பெனியின் பெயர் பொறித்த பட்டையும் அடையாள அட்டையும் தொங்க, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நிமிஷத்தில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போகிறவர்கள் ஒரு சாரார். காண்டிராக்டர் மூலம் துப்புரவுக்கும் கேண்டீனுக்கும் பேக்கிங்குக்கும் எடுக்கப்பட்டவர்கள், பெரிய ஆலைக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் சிறிய பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள், பஸ் போகாத உட்கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் ஆகியோர் மற்றொரு சாரார். இந்த இரண்டாம் சாராருக்குக் காலை ஆறு மணியானாலும் இரவு பத்து மணியானாலும் ஷேர் ஆட்டோவே கதி. அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதத்திலேயே உத்தரவாகி, அது ஏழை வீட்டுப் பெண்களின் கையில் மாதந்தோறும் உண்மையாகவே பணம் மிச்சப்படுத்தியிருக்கிறது. அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது பாவம். ஆயினும் ஷிப்ட் விடும் நேரத்தில் வராத பஸ்ஸில் கட்டணம் இல்லாமலிருப்பதால் நிற்பவளுக்கு என்ன பிரயோஜனம்?

ஷேர் ஆட்டோவில் ஏறிப் பழகாத வாசகர்களுக்காக அதன் உள்ளமைப்பைச் சிறிது விஸ்தரிக்க வேண்டியிருக்கிறது. மூன்று சக்கர அபே வண்டியானாலும் நான்கு சக்கர மேஜிக் வண்டியானாலும், உரிமத்தில் கண்ட எண்ணிக்கையோடு ஆள் ஏற்றுவதை நிறுத்திக்கொண்டால் டிரைவருக்குக் கட்டுபடியாகாது. ஆகவே மூவர் உட்காரும் பலகையில் நால்வரும், டிரைவரின் இரு புறத்திலும் ஒவ்வொருவரும், சில சமயம் பின்புறக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்களுமாக வண்டி நிறைந்த பிறகே அது நகரும். இந்த நெருக்கத்தில் யார் எங்கே உட்காருவது என்பதைத் தீர்மானிக்கிறவர் டிரைவர் ஒருவரே. பிரயாணத்தின் சகல இம்சைகளுக்கும் இந்த ஓர் அதிகாரமே தோற்றுவாய். “அந்தம்மா கொஞ்சம் ஒட்டி உட்காரு, இன்னும் ஒரு ஆள் வரணும்” என்று சொல்லி இரண்டு ஆண்களுக்கு நடுவே ஒரு பெண்ணைச் செருகுவதும், சீட்டு காலியாக இருக்கும்போதே “முன்னாடி வா பாப்பா, காத்து வரும்” என்று இளம்பெண்ணைத் தன் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துக்கொள்வதும், அவள் அங்கே உட்கார்ந்தபின் வண்டியின் ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கை எங்கே படுகிறது என்பது யாராலும் நிரூபிக்க முடியாத சங்கதியாகிவிடுவதும், இந்தச் சாலையில் நித்தியம் நடக்கிற காரியங்கள். கண்ணாடியைப் பின்னால் வரும் லாரியைப் பார்ப்பதற்காக இல்லாமல் பின்சீட்டைப் பார்ப்பதற்காகத் திருப்பிவைப்பதும் அப்படியே. பெண்கள் மட்டும் நிற்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாமல் போவதும், கிழவி கை காட்டினால் ஏறவும் இறங்கவும் நேரமாகும் என்று கடந்துவிடுவதும், மறுபுறத்தில் தனியாக நிற்கும் இளம்பெண் அருகே வேண்டுமென்றே வேகத்தைத் தணித்துக்கொண்டு போவதும் ஒரே மனோபாவத்தின் வெவ்வேறு முகங்கள்.

இவற்றில் எதுவும் பத்திரிகையில் வரக்கூடிய குற்றமன்று. வராததனாலேயே இதை விரிவாக எழுதுகிறேன். வார்த்தைகளும் அப்படித்தான். சில்லறை இல்லை என்று ஆண் சொன்னால் “பரவால்ல அண்ணே, அப்புறம் குடு” என்று முடிகிற விஷயம், பெண் சொன்னால் அவள் படிப்பு, வளர்ப்பு, வேலை அத்தனையையும் தொட்டுவிட்டுத்தான் முடிகிறது. “இந்த நேரத்துல எந்தக் கம்பெனிம்மா வேலை?” என்ற கேள்வி விசாரிப்பாகத் தொடங்கி, அவளுடைய நடத்தையைப் பற்றிய தீர்ப்பாகப் பக்கத்துச் சீட்டின் சிரிப்போடு நிறைவேறுகிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து தங்கி வேலை செய்கிற பெண்களின் கஷ்டம் இதைவிட அதிகம். தங்களைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று அவர்களுக்குப் பாஷை விளங்காவிட்டாலும், சொல்லப்படுவது எந்த ரகம் என்று விளங்காமலில்லை. எதிர்த்துப் பேசினால் நடுவழியில் இறக்கிவிடப்படலாம். வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இரவில் இறங்கி நிற்பதைவிட வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பத்திரம் என்று ஒவ்வொருத்தியும் கணக்குப் போடுகிறாள். ஆகவே இந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சாஸ்திரத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பையை மடியில் வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக்கொள்வது, இருவராகவோ மூவராகவோ சேர்ந்தால் ஒழிய ஏறுவதில்லை என்று காத்திருப்பது, ஏறியவுடன் வண்டி நம்பரைத் தோழிக்கு அனுப்புவது, பேசுவதற்கு யாரும் இல்லாதபோதும் அண்ணனோடு பேசுவதுபோல் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொள்வது, எந்த டிரைவர் நல்லவர் என்று ஞாபகம் வைத்து அவர் வரும்வரை நிற்பது. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்து களைத்தவள் செய்யவேண்டிய இன்னொரு வேலையாக இது இருக்கிறது. இதற்குச் சம்பளமும் கிடையாது, இது வேலை என்று யாரும் ஒப்புக்கொள்வதும் கிடையாது.

நல்ல டிரைவர் என்று சொன்னேன். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் இருவரல்ல. ராத்திரியில் தனியாக வரும் பெண்ணை அவள் தெருமுனைவரை கொண்டுவிட்டு, அவள் வீட்டுக் கதவு திறக்கும்வரை விளக்கை அணைக்காமல் நிற்கிறவர்களை இந்த ஊர்ப் பெண்களே பெயர் சொல்லிப் புகழ்வார்கள். மற்ற டிரைவர்களையும் ராக்ஷஸர்கள் என்று சித்திரிக்க நான் விரும்பவில்லை. வண்டிக் கடன், தினசரி வாடகை, ஸ்டாண்டில் கொடுக்கவேண்டியது, வழியில் நிறுத்திக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டியது எல்லாம் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்துகிற அவரும் ஒரு தொழிலாளிதான். கம்பெனியும் அரசாங்கமும் கைவிட்ட ஜனங்களைச் சுமந்து செல்கிறவரும் அவர்தான். இந்த நியாயத்தையெல்லாம் ஒப்புக்கொண்டபின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. வண்டியில் இடம் குறைவு என்பதன் பாரம் ஆண் பெண் இருபாலார்மீதும் சமமாக விழவேண்டியிருக்க, அது ஏன் எப்போதும் பெண்ணின் சரீரத்தின்மீதே வந்து விழுகிறது? வறுமை நெருக்கத்துக்குக் காரணமாகலாம். அந்த நெருக்கத்தில் ஒருத்தியின் மௌனத்தைச் சம்மதமென்று எடுத்துக்கொள்வதற்கு வறுமை எவ்விதத்திலும் காரணமாகாது.

இனி, சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்குச் சட்டம் வந்ததே ஓர் ஆட்டோவின் நிமித்தம்தான். 1998-இல் சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருத்தி, ஆட்டோவில் வந்த கும்பல் ஒன்றின் விபரீத விளையாட்டுக்குப் பலியானாள். ஊரே கொதித்ததன்பேரில் அந்த ஆண்டிலேயே பெண்களைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் சட்டம் பிறந்தது. தென்காசிப் பஸ் நிலையத்தில் போலீஸ்காரர் ஒருவரே ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனபோது, 2012 நவம்பர் 30 அன்று அந்த நீதிமன்றம் இந்தியா முழுமைக்குமாகச் சில கட்டளைகளை இட்டது. அவற்றுள் ஒன்று, பொது வாகனத்தில் பெண்ணொருத்தி புகார் சொன்னால் வண்டியை நேரே அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிச் செல்லவேண்டும் என்பதும், தவறினால் அந்த வண்டியின் பெர்மிட்டை ரத்துச் செய்யவேண்டும் என்பதும் ஆகும். தீர்ப்பு வந்த பதினாறாம் நாள் டில்லியில், பயணிகளை ஏற்ற அனுமதியில்லாத ஒரு தனியார் பஸ்ஸில், ஒரு பெண் கூட்டாகப் பலாத்காரம் செய்யப்பட்டு, உலகத்தையே உலுக்கிய அந்தப் பயங்கரம் நடந்தது.

டில்லிக்குப் பிறகு, பொது வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துக் காலத்தில் அழுத்தும் பொத்தானும் பொருத்தவேண்டும் என்று மத்திய அரசு 2016-இல் விதி செய்தது. அந்த விதியிலிருந்து மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டுவிட்டது. 2022-இல் தமிழ்நாட்டு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டு, பெண்களை முறைத்துப் பார்ப்பதும் கண் சிமிட்டுவதும் சீட்டியடிப்பதும்கூடக் குற்றமென்று சொல்லப்பட்டது, நடத்துநர் தலையிட்டு அப்படிப்பட்டவனை இறக்கிவிடலாம் என்றும் சொல்லப்பட்டது. ஷேர் ஆட்டோவில் நடத்துநர் ஏது? சட்டத்தின் கண்ணில் அது மொத்தமாக வாடகைக்குப் பேசிக்கொண்டு போகிற வண்டி. வழிநெடுக நிறுத்தித் தலைக்கு இவ்வளவு என்று வாங்கி ஆள் ஏற்றுவது அதற்கு அளித்த அனுமதியிலேயே இல்லை. லக்ஷக்கணக்கானவர்கள் தினமும் ஏறி இறங்குகிற ஒரு வாகனம், தான் செய்கிற தொழிலைச் செய்வதாகச் சட்டப் புத்தகத்தில் எங்கும் பதிவாகவில்லை. பெண்களுக்கென்று ஒதுக்கிய சீட்டு, புகார்ப் புத்தகம், டிரைவரின் பெயர்ப் பலகை எல்லாம் பதிவான வாகனங்களுக்குரியவை. பதிவாகாத தொழிலுக்கு அவற்றை எப்படி விதிப்பது என்று அதிகாரிகள் கைவிரிக்கிறார்கள்.

ஆயினும் இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்லவந்தது டிரைவரைப் பற்றியோ போக்குவரத்து அதிகாரியைப் பற்றியோ அல்ல, ஆலையைப் பற்றியது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பணியிடம் என்பதற்கு இலக்கணம் வகுக்கும்போது, வேலை கொடுப்பவர் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் அதில் சேர்த்திருக்கிறது. ஆகவே கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்த மாத்திரத்தில் ஒரு பெண் பணியிடத்துக்குள் வந்துவிடுகிறாள். அங்கே அவளுக்கு ஒரு தீங்கு நேர்ந்தால் ஆலையின் உள்புகார்க் குழு விசாரிக்கக் கடமைப்பட்டது. அதே சட்டம் காண்டிராக்ட் தொழிலாளியையும் ஊழியர் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எனவே, அதே ஆலையின் அதே தளத்தில் வேலை செய்து, அதே கேட்டின் வழியாக வெளியே வரும் காண்டிராக்ட் தொழிலாளிப் பெண், கேட்டுக்கு உள்ளே இருக்கும்வரை ஊழியர். கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு இடம் கொடுக்கப்படாததனால், ஷேர் ஆட்டோவில் ஏறிய நிமிஷத்திலிருந்து அவள் யாருமில்லை. எவளுக்கு ஆலை குறைவாகக் கொடுக்கிறதோ அவளிடத்தில் அதன் கடமையும் குறைந்துபோகும்படி இந்தச் சட்டம் வேலை செய்கிறது. பஸ் விடுகிற ஆலைக்குப் பொறுப்பு, பஸ் விடாத ஆலைக்கு விடுதலை என்பது எந்த தர்மத்தில் சேரும்?

வேலைக்குப் போகும் வழி வேலையைச் சேர்ந்ததில்லை என்று வாதிப்பவர்கள் நம் தேசத்தின் இன்னொரு சட்டத்தைப் பார்க்கவேண்டும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010-இல் 51-E என்ற பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து திரும்பும்போதோ விபத்து நேர்ந்தால், வேலைக்கும் அந்த விபத்துக்கும் தொடர்பு இருக்குமானால், அது வேலையினால் வந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்பது அந்தப் பிரிவின் சாரம். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து அவளுடைய எலும்பு முறிந்தால் அந்தப் பிரயாணம் வேலையின் பகுதி. அதே ஷேர் ஆட்டோவில் ஒருவன் கை அவள்மேல் பட்டால் அது அவளுடைய சொந்த விஷயம். எலும்புக்கு உள்ள மதிப்பு மானத்துக்கு இல்லாமற் போனது எதனால் என்று நம் சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும் யோசிக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2019-இல் ஜெனீவாவில் ஏற்ற 190-ஆம் எண் உடன்படிக்கை, வேலைக்குப் போகவும் வரவும் செய்யும் பிரயாணத்தில் நேரும் வன்முறையையும் துன்புறுத்தலையும் வேலை உலகத்தின் விவகாரமாகவே ஏற்றிருக்கிறது. இந்தியா அதற்கு இன்னும் உறுதி ஏற்கவில்லை.

நமக்கு வெளிதேசத்து முன்மாதிரிகூட அவசியமில்லை. பெண்களை இரவு ஷிப்டில் வைக்கக்கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாதென்று தீர்ப்பளித்தபோது, இரவில் வேலை வாங்கும் ஆலை அந்தப் பெண்களுக்குப் போக்குவரத்து வசதி செய்துகொடுக்கவேண்டும் என்பதை நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. வேலை வாங்கும் உரிமையும் வழித்துணையின் கடமையும் சேர்ந்தே கைமாறின என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம். கால் நூற்றாண்டில் உரிமை முழுதும் ஆலைகளிடம் தங்கிவிட்டது. கடமையோ காண்டிராக்டருக்கும், காண்டிராக்டரிடமிருந்து ஷேர் ஆட்டோ டிரைவருக்கும் இறங்கி, கடைசியில் அந்தப் பெண்ணின் தலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த வட்டாரத்துப் பெண்களின் பாதுகாப்புக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதை அடுத்து, சுங்குவார்சத்திரத்தில் கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பின்னர் 2024 ஆகஸ்ட் 17 அன்று, அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட்டின் வல்லம்-வடகால் வளாகத்தில், 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண்கள் தங்கும் பிரம்மாண்டமான விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம்; தூரதேசத்திலிருந்து வரும் பெண்ணுக்கு நல்ல கட்டிலும் சுத்தமான தண்ணீரும் சாமானியமான விஷயங்களல்ல. ஆனால் சாலையில் உண்டான ஆபத்துக்குப் பரிகாரம் பெண்களைச் சாலையிலிருந்தே அப்புறப்படுத்துவது என்ற எண்ணம் இதன்வழியே நம் மனத்தில் ஊன்றிவிடுமானால் அது பெருந்தீங்காக முடியும். பக்கத்துக் கிராமத்துப் பெண் விடுதியில் தங்கமாட்டாள். அவளுக்கு வீட்டில் குழந்தை இருக்கும், மாமியார் இருப்பார், ஆடு இருக்கும். ஓவர்டைம் கிடைத்தாலும் இருட்டிவிடுமே என்று வேண்டாமென்று சொல்லி வருமானத்தை இழப்பவள் அவளே. ஒருநாள் வழியில் நடந்ததை வாய்தவறி வீட்டில் சொல்லிவிட்டால், அடுத்த நாளிலிருந்து வேலையே வேண்டாமென்று நிறுத்தப்படுபவளும் அவளே. குற்றம் செய்தவன் வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, அவள் வீட்டில் உட்காரவைக்கப்படுகிறாள். ஆகையால்தான் அவள் வீட்டிலும் சொல்வதில்லை.

பெண்களுக்கென்று தனி வண்டி விட்டால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 மார்ச் 8 அன்று சென்னையில் பெண்களே ஓட்டும் இளஞ்சிவப்பு ஆட்டோத் திட்டம் தொடங்கியது. அந்த டிரைவர்களை நான் மனமார வாழ்த்துகிறேன். ஒரு பெண் டிரைவர் ஸ்டாண்டில் வந்து நின்றாலே அந்த ஸ்டாண்டின் பேச்சு மாறிவிடுகிறது என்பது பிரத்தியட்சம். எனினும் தனி வண்டியைப் பூரண பரிகாரமாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. தனி வண்டி வந்த பிறகு பொதுவண்டியில் ஏறும் பெண்ணைப் பார்த்து, ‘உனக்குத்தான் தனி வண்டி இருக்கிறதே, இதில் ஏன் ஏறினாய்?’ என்று கேட்கத் தயங்காத சமூகம் இது. கென்யாவின் தலைநகரான நைரோபியில், மட்டாட்டு என்று வழங்கும் தனியார் சிற்றுந்துகளின் நிறுத்தத்தில், 2014 நவம்பரில் ஒரு பெண்ணின் உடை தகாதென்று சொல்லி ஒரு கும்பல் அதைக் களைந்து அவளை அவமானப்படுத்தியது. அந்நகரத்துப் பெண்கள் தனி வண்டி கேட்டுப் போகவில்லை. தெருவிலே திரண்டு ஊர்வலம் வந்து, பொதுவழி தங்களுடையதும்தான் என்று அறிவித்தார்கள். ஒருவரின் உடையைப் பலவந்தமாகக் களைவதைக் குற்றமென்று சொல்லும் தனிப் பிரிவு அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது.

ஒரகடத்தில் செய்யவேண்டியவை செய்யமுடியாதவையல்ல. ஷேர் ஆட்டோவை அது செய்கிற தொழிலின் பெயராலேயே அங்கீகரித்து, வழித்தடமும் ஆள் எண்ணிக்கையும் குறித்துப் பெர்மிட் கொடுத்துவிட்டால், பெண்களுக்கென ஒரு வரிசை சீட்டும், வெளியே தெரியும்படி டிரைவரின் பெயரும், ஆபத்துப் பொத்தானும் அந்தப் பெர்மிட்டின் நிபந்தனைகளாகிவிடும். டிரைவருக்கும் வழியில் கைநீட்டுகிறவர்களின் தொல்லை குறையும். கம்பெனி பஸ்ஸில் காண்டிராக்ட் தொழிலாளிகளையும் ஏற்றவேண்டும் என்பதைச் சிப்காட் தன் நில ஒதுக்கீட்டு நிபந்தனைகளில் சேர்க்கலாம். சொந்தமாக பஸ் வைக்க இயலாத சிறு பட்டறைகள் கூடி, பொதுவில் ஒரு வண்டி அமர்த்திக்கொள்ள அரசாங்கம் கைகொடுக்கலாம். வழியில் நேர்ந்ததைப் பற்றிப் புகார் வந்தால், ‘கேட்டுக்கு வெளியே நடந்தது எங்களைச் சேராது’ என்று தட்டிக்கழிக்காமல், புகாரை வாங்கி எழுதி, போலீஸ் ஸ்டேஷன்வரை அவளோடு கூடப்போகிற கடமையை ஒவ்வோர் ஆலையின் உள்புகார்க் குழுவும் ஏற்கவேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நிர்வாகத்தின் சுற்றறிக்கை ஒன்று போதும்.

ஆலைகளின் ஷிப்ட் நேரங்கள் ஒன்றும் ரகசியமில்லை. காஞ்சிபுரம் கலெக்டர் மனம் வைத்தால், மாநகர் போக்குவரத்துக் கழகத்தையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்தையும், சிப்காட்டையும், ஆலை நிர்வாகங்களையும், ஆட்டோ சங்கங்களையும் ஒரே மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் எந்தக் கேட்டிலிருந்து எந்தக் கிராமத்துக்கு எத்தனை வண்டி என்பதை எழுதிவிடலாம். அந்த மேஜையைச் சுற்றியுள்ள நாற்காலிகளில் பாதியாவது, ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிற பெண்களுக்காக இருக்கவேண்டும். கூட்டம் ஷிப்ட் நேரத்தில் வைக்கப்பட்டால், வந்தவர்களுக்கு அன்றையச் சம்பளம் பிடிக்கப்படாது என்று காண்டிராக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.